வன்னியில் கடைகள் ஏன் வந்தன, ஏன் போயின?

சென்ற ஆண்டு மே மாதம், ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த பழைய பல்கலைக்கழக நண்பர் ஒருவருடன் பரந்தன்–முல்லைத்தீவு வீதியால் முள்ளிவாய்க்காலுக்குப் போனேன். நண்பர் ஸ்காபரோவில் ஒரு வணிகத் தொகுதியில் பதினைந்து ஆண்டுகள் பலசரக்குக் கடை நடத்தியவர். வாடகை கட்டுப்படியாகாமல் மூடிவிட்டார். அதனாலோ என்னவோ, வழிநெடுகக் கடைகளையே பார்த்துக்கொண்டு வந்தார். புதுக்குடியிருப்பைத் தாண்டியதும் கேட்டார்: "மச்சான், இந்த றோட்டிலை ஒரு பழைய கடையையும் காணேல்லையே. ஏனடா?"

போரினால் என்று ஒரு சொல்லில் பதில் சொல்லியிருக்கலாம். அது முழு உண்மையன்று என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

அவருடைய ஊரில் இக்கேள்விக்கு ஆயத்தமான விடை உண்டு. 1956இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் விக்டர் குருவன் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த சவுத்டேல் என்னும் மூடிய வணிகத் தொகுதி திறக்கப்பட்டது. பெரிய கடைகள் சனத்தை இழுக்கும். அவற்றுக்கு இடையிலுள்ள சிறு கடைகள் அந்தச் சனத்தை நம்பிப் பிழைக்கும். பெரிய கடைக்கு அங்கே 'நங்கூரக் கடை' என்று பெயர். நங்கூரம் அறுந்தால் சிறு கடைகளும் ஒவ்வொன்றாகப் போகும். நண்பரின் தொகுதியிலும் முதலில் மூடியது பெரிய கடைதான்.

வன்னிக் கடைத்தெருக்களுக்கும் நங்கூரம் இருந்தது. ஆனால் அது ஒருபோதும் கடையாக இருந்ததில்லை.

கிளிநொச்சியின் முதல் நங்கூரங்கள் இரயிலும் தண்ணீரும். 1905இல் வடக்கு இரயில் பாதை முழுமையடைந்தது. அந்நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளில் இரணைமடுக் குளம் எழுந்தது. குடியேற்றத் திட்டங்களில் காணி பெற்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் நெல் விதைத்தார்கள். நெல்லின் பின்னால் ஆலையும், ஆலையின் பின்னால் தேத்தண்ணிக் கடையும் வந்தன.

இரண்டாவது நங்கூரம் கொழும்பில் எழுதப்பட்ட ஒரு கொள்கை. 1970இல் பதவிக்கு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. விசுவமடு, முத்தையன்கட்டு ஆகிய இடங்களில் காடு வெட்டிக் காணி பெற்றிருந்த படித்த வாலிபர்கள் செத்தல் மிளகாயில் பணம் கண்டார்கள். உழவு இயந்திரங்கள் வந்தன. அவற்றுக்கு உதிரிப்பாகக் கடைகள் வந்தன. 1977இல் ஆட்சி மாறி இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் மிளகாய் விலை விழுந்தது. மிளகாயை நம்பி எழுந்த கடைகளும் ஒடுங்கின. அப்போது போரில்லை, ஒரு குண்டும் விழவில்லை. கடைகளின் உயிர் வேறொருவர் கையில் இருந்தது என்பது மட்டும் அன்றே தெரிந்துவிட்டது.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டது. வவுனியாவுக்கு வடக்கே இரயில் நின்றது. எரிபொருள், பற்றரி, சீமெந்து, யூரியா என்று தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியல் நீண்டது. மோட்டார் சைக்கிளைச் சில துளி பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம் அது.

அதே ஆண்டு ஒக்ரோபரில் நடந்ததை நம்மில் பலர் சொல்லத் தயங்குகிறோம். விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்கள் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோரை வெளியேற்றினார்கள். முல்லைத்தீவில் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டிப் பகுதிகளின் முஸ்லிம் குடும்பங்களும் போயின. அவர்களில் தலைமுறையாக வணிகம் செய்தவர்கள் பலர். அங்கே பூட்டப்பட்ட கடைகளை எந்தச் சந்தை விதியும் பூட்டவில்லை. வன்னிக் கடைகளின் வரலாற்றை எழுதும் எவரும் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு எழுத முடியாது.

1995 ஒக்ரோபர் இறுதியில் யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்தபோது வலிகாமத்து வணிகர் பலர் கிளிநொச்சிக்கு வந்தார்கள். 1996 செப்டம்பரில் கிளிநொச்சியை இராணுவம் கைப்பற்றியது. சிறு கிராமச் சந்தியாக இருந்த மல்லாவி, கிடுகுக் கொட்டில்களுடன் வன்னியின் முதன்மையான கடைத்தெருக்களில் ஒன்றாகியது. 1998 செப்டம்பரில் புலிகள் கிளிநொச்சியைத் திரும்பப் பிடித்தனர். 2002இல் போர்நிறுத்தத்தை அடுத்து ஏ9 வீதி திறக்கப்பட்டதும் கடைகள் மீண்டும் கிளிநொச்சிக்கு வந்தன, மல்லாவி ஒடுங்கியது. ஆறு ஆண்டுகளுக்குள் ஒரு நகரம் தோன்றி மறைந்த கதை இது.

அந்தச் சமாதான காலத்தில்தான் நான் செய்தி சேகரிக்கக் கிளிநொச்சிக்குப் பலமுறை போனேன். பெயர்ப்பலகைகள் 'வெதுப்பகம்' என்றும் 'வாணிபம்' என்றும் தமிழில் மின்னின. பாண்டியன் சுவையூற்றில் தென்னிலங்கைப் பயணிகளும் புலம்பெயர்ந்தோரும் குளிர்களி சாப்பிட வரிசையில் நின்றார்கள். ஒவ்வொரு பொருளின் விலையிலும் சோதனைச்சாவடியில் புலிகளுக்குக் கட்டிய வரி சேர்ந்திருந்தது. நங்கூரம் இப்போது வீதித் தடைதான்.

2003இல் கந்தசுவாமி கோவிலுக்குக் கிட்ட ஒரு பலசரக்குக் கடை முதலாளியைச் சந்தித்தேன். 1980களில் கிளிநொச்சியில் தொடங்கி, 1996இல் மல்லாவிக்குப் போய், திரும்பி வந்தவர். இனி நிலைத்து இருப்பீர்களா என்று கேட்டேன். "றோட்டுத் திறந்தால் கடை திறக்கும், தம்பி. பூட்டினால் நான் என்ன செய்யிறது?" என்றார். மேசையில் நீளமான கடன் கொப்பி ஒன்று கிடந்தது. அறுவடை வரை கடன், மீன் பாடு வரை கடன், அரச உத்தியோகத்தருக்குச் சம்பளம் வரை கடன். அவரும் வவுனியா மொத்த வியாபாரி ஒருவரிடம் கடனுக்கே சாமான் எடுத்தார்.

2006 ஓகஸ்டில் முகமாலை மூடப்பட்டது. 2008 செப்டம்பரில் ஐ.நா. நிறுவனங்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறின. 2009 சனவரி 2ஆம் திகதி இராணுவம் நகரத்துக்குள் வந்தது. அதற்கு முன்பே கடைகள் கிழக்கே நகர்ந்துவிட்டன. தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று சனம் போன வழியே உழவு இயந்திரப் பெட்டியில் கடையும் போயிற்று. ஒவ்வொரு இடத்திலும் தறப்பாள் கட்டி, கைத்தராசு தொங்கவிட்டு, சில நாட்கள் அல்லது சில வாரங்கள் வியாபாரம். பிறகு மறுபடியும் ஏற்றம்.

அவ்வேளை போர்ப் பகுதிக்குள் ஏறத்தாழ எழுபதாயிரம் பேரே இருப்பதாக அரசு சொன்னது. பின்னர் முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்களோ ஏறத்தாழ 2 இலட்சத்து 80 ஆயிரம். குறைத்துச் சொன்ன எண்ணுக்கேற்பவே உணவு அனுப்பப்பட்டது. பெப்ரவரி நடுப்பகுதியிலிருந்து மே முற்பகுதி வரை செஞ்சிலுவைச் சங்கக் கப்பல் கொண்டுவந்ததே வெளி உணவு. தாலிக்கொடியைக் கழற்றிக் கொடுத்து அரிசியும் பால்மாவும் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். அதைப் பதுக்கலின் பாவம் என்று சொல்பவர்களும் உண்டு; அந்தக் கடைகளும் இல்லாதிருந்தால் பிள்ளைகள் செத்திருக்கும் என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டையும் நான் கேட்டிருக்கிறேன். இன்று ஆண்டுதோறும் மே மாதத்தில் காய்ச்சப்படும் முள்ளிவாய்க்கால் கஞ்சி அந்தக் காலத்தின் நினைவுதான்.

அந்த முதலாளியை மீண்டும் கண்டது போர் முடிந்து சில ஆண்டுகளின் பின், புதுக்குடியிருப்பில் மருமகனின் சிறு கடையில். வட்டுவாகல் பாலத்தை நடந்து கடந்தபோது அவர் கையில் இருந்தது ஒரு பொலித்தீன் பை, அதற்குள் கொப்பி. "மூண்டு லொறிச் சாமான் போச்சு, தம்பி. அது போகட்டும். இதிலை உள்ள ஆக்களிலை ஆர் இருக்கினம், ஆர் இல்லை எண்டு இண்டைக்கும் எனக்கு முழுசாத் தெரியாது." ஒரு பெயரையும் அவர் வெட்டவில்லை.

முகாமிலிருந்து வெளியே வந்ததும் அவர் முதலில் போனது வவுனியாவுக்கு. பழைய பாக்கியில் கொஞ்சத்தையாவது கட்ட வேண்டும் என்று காசு கொண்டு போயிருக்கிறார். மொத்த வியாபாரி அதை வாங்கவில்லை. புதிதாக ஒரு லொறிச் சாமான் கடனுக்கு ஏற்றிவிட்டார். வீதிகளை யார் யாரோ பூட்டினார்கள், திறந்தார்கள். நாணயம் மட்டும் வணிகர் கையிலேயே இருந்தது. கடை திரும்ப எழுந்ததற்குக் காரணம் அதுதான்.

2009க்குப் பின் வீதி காப்பெற் போட்டுத் திறந்தது. 2013 செப்டம்பரில் இரயிலும் கிளிநொச்சிக்கு வந்தது. அப்படியானால் ஏன் இன்றும் கடைகள் நிலைப்பதில்லை? வீதியால் தென்னிலங்கையின் பெரிய நிறுவனங்களும் வந்தன. ஏ9 ஓரத்தில் இராணுவமே சிற்றுண்டிச்சாலைகள் நடத்தியது. 2012 கணக்கெடுப்பின்படி முல்லைத்தீவு மாவட்டம் முழுவதிலும் ஏறத்தாழ 92 ஆயிரம் பேர்தான். வாங்க ஆளும் குறைவு, கையில் காசும் குறைவு. எல்லாவற்றிலும் மேலாக, கடன் கைமாறியது. அறுவடை வரை காத்திருந்த கொப்பியின் இடத்துக்கு, வாரந்தோறும் வாசலில் வந்து நிற்கும் நுண்கடன்காரர் வந்தார். 2018இல் வறட்சி மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் நுண்கடனை அரசு தள்ளுபடி செய்ய முன்வந்ததே நிலைமையின் சாட்சி. 2022 செப்டம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியபோது, எஞ்சியிருந்த சிறு கடைகள் பல கடனுக்கு விற்பதையே நிறுத்தின. கடனுக்குக் கொடுக்காத சிறு கடைக்கும் பெரிய கடைக்கும் வாங்குபவருக்கு என்ன வேறுபாடு? விலை குறைந்த இடத்துக்குச் சனம் போகிறது.

இதையெல்லாம் நண்பருக்குச் சொல்லி முடிப்பதற்குள் முள்ளிவாய்க்கால் வந்துவிட்டது. வீதியோரம் தகரக் கூரையுடன் ஒரு பெட்டிக்கடை. நடுத்தர வயதுப் பெண் ஒருவர் நின்றார். நண்பர் இரண்டு போத்தல் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஐயாயிரம் ரூபாத் தாளை நீட்டினார்.

"மாத்தின காசு இல்லை அண்ணை. கொண்டுபோங்கோ. திரும்பி வரேக்கை தாங்கோ."

எங்களை அவர் முன்பின் கண்டதில்லை. அந்த வீதியால் நாங்கள் திரும்பி வராமலும் போகலாம். நண்பர் கொஞ்ச நேரம் தாளைக் கையில் பிடித்தபடியே நின்றார். நினைவிடத்துக்குப் போய்விட்டு, சில்லறை மாற்றிக்கொண்டு, அந்தி சாயும் முன் அந்தக் கடைக்குத் திரும்பினோம்.