வெள்ளைப் பூச்சும் ஒரு கிலோவும்: 1934 ஐஃபல் பந்தயம் பற்றிய நொய்பாவர் கூற்று

மெர்சிடிஸ் அணி இத்தாலியரை எட்டிப் பிடித்த வரலாற்றை எழுதுவோர் பலர் அணி மேலாளர் ஆல்ஃபிரட் நொய்பாவரின் 1958ஆம் ஆண்டு நினைவுநூலிலிருந்தே தொடங்குகின்றனர். 1934 ஜூன் 3 அன்று நியூர்பர்க்ரிங்கில் நடந்த ஐஃபல் பந்தயத்துக்கு முன் புதிய டபிள்யூ 25 காரை எடைபோட்டார்கள், 751 கிலோ. புதிய விதியின் வரம்பு 750. இரவோடிரவாக வெள்ளைப் பூச்சைச் சுரண்டியெடுக்க, அடியிலிருந்த அலுமினியம் வெளிப்பட்டது. அதை ஓட்டிய மான்ஃபிரட் ஃபான் பிரௌகிட்ஷ் வென்றார். 'வெள்ளி அம்பு' என்ற பட்டப்பெயர் பிறந்தது. அணி மேலாளரே சொன்னதால் இக்கூற்று சான்றாகவே கொள்ளப்பட்டுவிட்டது. ஆனால் நேரில் கண்டவரும் 24 ஆண்டுகள் கழித்து எழுதியவரும் ஒருவரே.

கூற்றின் அடித்தளமே ஆட்டங்காண்கிறது. அந்த ஐஃபல் பந்தயம் எடை வரம்பின்றி, தனியார் கார்களும் கலந்துகொள்ளும்படி திறந்த விதியில் நடத்தப்பட்டது. வரம்பே இல்லாத இடத்தில் ஒரு கிலோவுக்காகப் பூச்சைச் சுரண்ட வேண்டிய தேவை என்ன? வெள்ளி நிறமும் அன்றைய புதுமையன்று: 1932இல் பெர்லினின் ஆவுஸ் தடத்தில் இதே பிரௌகிட்ஷ் பூச்சில்லா அலுமினிய உடல் கொண்ட மெர்சிடிஸில் வென்றிருந்தார். போட்டி அணியான ஆட்டோ யூனியனும் வெள்ளி நிறக் கார்களோடுதான் 1934இல் களமிறங்கியது. அவர்கள் யாருடைய பூச்சைச் சுரண்டினார்கள்? 'பிரௌகிட்ஷும் இக்கதையைச் சொல்லியிருக்கிறாரே' என்று மறுக்கலாம். ஒரே அணியின் இருவர் பின்னாளில் ஒரே கதையைச் சொல்வதை இரு சான்றுகளாக எண்ணத் தயங்குகிறேன். வேறொரு நாளில், வேறொரு பந்தயத்துக்காகப் பூச்சு நீக்கப்பட்டிருக்கலாம் என்பதை மறுக்கவில்லை. அந்த நாளைக் கறுப்பு வெள்ளைப் படங்களைக் கொண்டு உறுதிசெய்ய இயலாது.

நிறத்தைப் பற்றிய பூசலாக மட்டும் இது நின்றிருந்தால் பொருட்படுத்த வேண்டியதில்லை. இத்தாலியருடனான இடைவெளி எவ்வாறு அடைபட்டது என்ற கேள்வியையே கதை திசைதிருப்புகிறது. ஓட்டுநர், எரிபொருள், எண்ணெய், நீர், டயர் நீங்கலாக 750 கிலோ என்ற விதி வேகத்தைக் கட்டுப்படுத்த வந்தது. ஜெர்மானியர் அதைத் தலைகீழாகப் படித்தனர்: இலேசான உலோகத்தால் எடையை மிச்சப்படுத்தி, மிச்சத்தைப் பெரிய எஞ்சினுக்குக் கொடுத்தனர். டபிள்யூ 25இன் எஞ்சின் 3.36 லிட்டர், ஆட்டோ யூனியனுடையது 4.36, ஆல்ஃபா ரோமியோவின் பி3யில் இருந்தது 2.9 மட்டுமே. அது வரைபடப் பலகையில் மாதக்கணக்கில் தீர்ந்த கணக்கு. ஓரிரவில் சுரண்டி எடுத்ததன்று. கணக்கு தீர்ந்தும் இடைவெளி உடனே அடைபடவில்லை. ஐஃபல் வெற்றிக்கு நான்கு வாரம் கழித்து, ஜூலை 1 அன்று, பிரெஞ்சு கிராண்ட் பிரீக்காக மோன்லெரியில் எல்லோரும் கூடினர். முதல் மூன்று இடங்களும் ஆல்ஃபாவுக்கு. ஜெர்மன் கார் ஒன்றுகூடப் பந்தயத்தை முடிக்கவில்லை.