குமிழும் முள்ளும்

காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றிக் கொல்லிமலை ஏறிச் சோளக்காட்டுச் சந்தையை அடையும் பிரயாணிக்குப் பலாவும் வாழையும் மிளகும் முதலில் தென்படுவது இயல்பே. ஆயினும், இத்தகைய மலையூர்களுக்குச் சினிமாப் பாட்டு எவ்விதம் ஏறி வந்தது என்று விசாரிக்கப் புகுந்தால், அந்த விசாரணை கைப்பெட்டி ரேடியோ ஒன்றின் இரண்டு குமிழ்களில்தான் போய் நிற்கும்.

அதற்கு முந்திய வால்வு ரேடியோ கனத்த வஸ்து. மின்சாரம் எட்டாத ஊரில் அதற்குப் பெரிய பாட்டரியும், கூரைமேல் ஏரியல் கம்பியும் வேண்டும். 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்து, 1954-இல் ரீஜென்ஸி டி.ஆர்.-1 என்னும் சிறு பெட்டி கடைக்கு வந்ததும் நிலைமை மாறிற்று. நான்கே டிரான்சிஸ்டர்கள், நிலையத்தைத் தேட முகத்தில் எண்கள் பொறித்த ஒரு வட்டு, ஒலியைக் கூட்டிக் குறைக்க ஓரத்தில் பாதி புதைந்த ஒரு சக்கரம்.

நம் நாட்டில் புழங்கிய பெட்டிகளில், ஒலிக் குமிழைத் தொட்டுத் திருப்பியதும் ‘டக்’கென்று பாட்டரித் தொடர்பு கூடும், மேலும் திருப்பக் குரல் உயரும். நிலையம் தேடும் மற்றொரு குமிழின் காரியம் இதனினும் நுட்பமானது. அதன் அச்சில் சுற்றிய மெல்லிய நூல், சிறு கப்பிகளின் வழியே ஓடி, அலைவரிசையை மாற்ற உள்ளிருக்கும் காங் கண்டென்சரின் பெரிய சக்கரத்தைத் திருப்புவதோடு, கண்ணாடிக்குப் பின்னால் முள்ளையும் இழுத்துச் செல்லும். குமிழ் பல சுற்றுச் சுற்றினால்தான் கண்டென்சர் அரைச் சுற்று நகரும் என்பதால், மண்வெட்டி பிடித்துக் காய்த்த விரலுக்கும், நெருங்கி நிற்கும் இரு நிலையங்களைப் பிரித்தெடுக்கும் நிதானம் கைவந்தது. நூல் அறுந்தாலோ குமிழ் மட்டும் சுற்றும். முள் நின்ற இடத்திலேயே நிற்கும்.

மலையில் இருப்பவருக்கு மூன்றாவது குமிழும் உண்டு, அது பெட்டியேதான். மத்திய அலையை வாங்கும் ஃபெரைட் தண்டு உள்ளே குறுக்காகப் படுத்திருப்பதால், அதன் நுனி நிலையத்தை நோக்கினால் ஓசை மங்கும், பக்கம் நோக்கினால் தெளியும். ஆகவே, 1939-இல் தொடங்கிய திருச்சி நிலையத்தை முள்ளால் பிடித்தபின், பெட்டியையே திருப்பித் திருப்பி வைத்து இடம் பார்க்க வேண்டியிருந்தது. சிற்றலையில் வந்த இலங்கை வானொலிக்கு இந்த உபாயம் பலிக்காது. ஏரியலை முழுதும் இழுத்து நீட்டினாலும் பாட்டு ஏறி இறங்கிக்கொண்டேதான் இருக்கும். இத்தனைக்கும், ரேடியோ வைத்திருக்கத் தபால் ஆபீஸில் லைசென்ஸ் பணம் வேறு அந்நாளில் கட்ட வேண்டியிருந்தது!

பிலிப்ஸ் கம்பெனி 1963-இல் வெளியிட்ட காசெட், குமிழின் ஆட்சியைக் கட்டைகளுக்கு மாற்றிற்று. அழுத்திய கட்டை அழுந்தியே நிற்கும். இருட்டிலும் விரலால் தடவி நிலைமையை அறியலாம். இதனினும் நேர்மையான அமைப்பைப் பிற்காலத்தார் செய்யவில்லை என்பேன். 1979-இல் வந்த சோனி வாக்மேனில் ஒலிபெருக்கி இல்லை. ஊருக்கே பாடிய பெட்டி ஒருவர் காதுக்குள் ஒடுங்கிற்று. செய்தவர்களுக்கே அது உறுத்தியதோ என்னவோ, இருவர் கேட்க இரண்டு துளைகளும், பாட்டைத் தணித்து அருகிலிருப்பவர் பேச்சைக் கேட்க ஓர் ஆரஞ்சுப் பொத்தானும் வைத்தார்கள். 2001-இன் ஐபாடில் சக்கரம் ஒன்று மீண்டது. ஆனால் அது தேடியது பட்டியலை.

சரிகம கம்பெனி 2017-இல் கொணர்ந்த கார்வான், பழைய ரேடியோவின் வேஷம் பூண்டு, 5,000 பாட்டுகளை உள்ளடக்கி வந்தது. குமிழைத் திருப்பினால் பாடகர் மாறுகிறார். நூலும் இல்லை, கப்பியும் இல்லை. முதியவர்கள் அதை விரும்பி வாங்குவதற்குப் பாட்டின் தொகை பாதிக் காரணம், திருகுவதற்கு ஏதோ ஒன்று இருப்பது மறுபாதி என்பது என் அபிப்பிராயம்.