உலோகம் ஏன் இவ்வளவு நோஞ்சான்?

எஃகு எப்படி இத்தனை உறுதியாக இருக்கிறது என்று கேட்காத மாணவர் இல்லை. பாலிடெக்னிக்கில் உலோகவியல் நடத்திய காலம் முழுக்க, அது ஏன் இவ்வளவு நோஞ்சானாக இருக்கிறது என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. போன நூற்றாண்டில் பெரிய மூளைகளைத் திணறடித்த கேள்வி அது.

1926-இல் சோவியத் இயற்பியலாளர் யாக்கோவ் பிரெங்கெல் ஒரு கணக்குப் போட்டார். படிகத்தில் அணுக்கள் அடுக்கடுக்காக நிற்கின்றன. மேலடுக்கு மொத்தமும் ஒரே சமயத்தில் கீழடுக்கின் மேல் வழுக்கி, அடுத்த பள்ளத்தில் போய் உட்கார எவ்வளவு தகைவு வேண்டும்? விறைப்புக் குணகத்தை ஏறத்தாழ ஆறால் வகுத்தால் விடை வந்துவிடும். செம்பின் குணகம் 48 கிகாபாஸ்கல். ஆக, ஏழு கிகாபாஸ்கலுக்கு மேல் தாங்க வேண்டும். சோதனைக்கூடத்திலோ சுத்தமான செம்பின் ஒற்றைப் படிகம் 1 மெகாபாஸ்கலுக்கே வழுக்கத் தொடங்கிவிடுகிறது. பல்லாயிரம் மடங்கு வித்தியாசம்! 1949-இல் மெக்கன்சி கணக்கைத் திருத்தி, குணகத்தில் முப்பதில் ஒரு பங்கு என்றார். அப்போதும் ஆயிரம் மடங்குக்கு மேல் இடித்தது.

விடை அதற்கு முன்பே, 1934-இல் கிடைத்திருந்தது. அதுவும் ஒரே ஆண்டில் மூவருக்கு. கேம்பிரிட்ஜில் ஜி.ஐ. டெய்லர் தனியாக எழுதினார். ஹங்கேரியரான எகோன் ஒரோவான், பெர்லினில் மாணவராக இருந்தபோது ஒரு துத்தநாகப் படிகத்தைக் கைதவறிக் கீழே போட்டுவிட்டார். வளைந்ததை நிமிர்த்திச் சோதித்தால், அது சீராக நீளாமல் விட்டுவிட்டு, வெட்டிவெட்டி நீண்டது. யோசனை அங்கிருந்து கிளம்பியது. மைக்கேல் பொலானியிடமும் அதே எண்ணம் இருப்பதை அறிந்து, சேர்ந்து எழுதலாமா என்று கேட்டார். தனித்தனியாகவே எழுதுவோம் என்றார் பொலானி. இரண்டு கட்டுரைகளும் ஒரே இதழ்த்தொகுதியில் வந்தன. முந்திக்கொள்ளத் துடிக்கும் ஆய்வுலகில் இது அபூர்வமான பெருந்தன்மை.

மூவரும் சொன்னது இதுதான்: அடுக்கு மொத்தமாக வழுக்குவதில்லை. விரித்த ஜமக்காளத்தை முழுசாக இழுப்பது சிரமம். ஓரத்தில் ஒரு சுருக்கம் உண்டாக்கி அதைத் தள்ளிக்கொண்டே போனால் சுலபமாக நகரும். படிகத்தில் அந்தச் சுருக்கத்தின் பெயர் டிஸ்லொகேஷன்.

வகுப்பில் செம்புக் கம்பியைச் சிவக்கக் காய்ச்சி, ஆறவிட்டுக் கொடுப்பேன். முதல் தடவை விரலுக்குக் குழைந்து வளையும். நிமிர்த்தச் சொன்னால் வளைந்த இடம் அசையாது. அதன் இரு பக்கமும்தான் கம்பி வளையும். வளைக்க வளைக்க டிஸ்லொகேஷன்கள் பெருகி, ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு நகர வழியில்லாமல் போகின்றன. குறைபாடு கொஞ்சம் இருந்தால் உலோகம் இளகும், மிகுந்தால் இறுகும். மாணவர்கள் நம்பச் சிரமப்படுவது இதைத்தான்.

அறிஞர்களும் சுலபமாக நம்பிவிடவில்லை. 1956-இல் கேம்பிரிட்ஜின் கேவன்டிஷ் ஆய்வகத்தில் ஹிர்ஷ், ஹார்ன், வீலன் மூவரும் மெல்லிய அலுமினியத் தகட்டை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்து, டிஸ்லொகேஷன்கள் நகர்வதைக் கண்ணால் பார்த்தபிறகுதான் வாய்கள் அடைத்தன.

அப்படியானால் குறைபாடே இல்லாத படிகம்? அது தொலைபேசிக் கருவிகளுக்குள்ளேயே வளர்ந்துகொண்டிருந்தது. முலாம் பூசிய பாகங்களில் மயிரிழைபோல் உலோகம் தானே முளைத்து, மின்சுற்றைக் குறுக்கிட்டுத் தொல்லை கொடுத்தது. 1952-இல் பெல் ஆய்வகத்தின் ஹெர்ரிங்கும் கால்ட்டும் அப்படிப்பட்ட வெள்ளீய இழைகளை வளைத்துப் பார்த்தார்கள். ஒரு சதவீதத்துக்கும் மேல் திரிபு ஏற்றியும், விட்டதும் பழையபடி நிமிர்ந்தன. 1956-இல் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வகத்தில் பிரென்னர் இழுத்த இரும்பு இழை ஒன்று, சுமார் 13 கிகாபாஸ்கல் வரை தாங்கியது. கட்டடத்துக்குப் போடும் சாதாரண எஃகு 0.25 கிகாபாஸ்கலிலேயே நிரந்தரமாக நீளத் தொடங்கிவிடும்.

பிரெங்கெல் கணக்கைப் ‘பொய்த்துப்போன கணிப்பு’ என்று ஒரு வரியில் தாண்டிப்போகும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பிரென்னரின் எண்ணையும் அதன் பக்கத்திலேயே கரும்பலகையில் எழுதிப் போடுங்கள்.