கட்டுவித்தவரும் பொருள் தந்தவரும்: கல்கத்தா அரசு மாளிகை (1799–1803)

புதுமனை எழுப்புவோர் கைப்பொருளை எண்ணிக் கால்கோள் செய்வது உலக வழக்கு. 1798இல் தலைமை ஆளுநராகக் கல்கத்தா வந்த வெல்லெஸ்லிக்கு அவ்வெண்ணம் வேண்டியிருக்கவில்லை. செலவு கிழக்கிந்தியக் கம்பெனியுடையது. அதன் கருவூலமோ வங்க உழவரின் நிலவரியால் நிரம்பியது. காரன்வாலிஸ் போன்றோர் வாடகை மனையிலேயே வாழ்ந்திருந்தனர். பழைய கட்டடங்கள் அகற்றப்பட்டு, 1799இல் மாளிகைக்கு அடிக்கல் இடப்பட்டது. இலண்டன் இயக்குநர் அவையின் முன்னிசைவு பெறப்படவில்லை.

வரைபடம் வங்கப் பொறியாளர் படையினரான சார்லஸ் வயட்டுடையது. டெர்பிஷயரிலுள்ள கெடில்ஸ்டன் மாளிகை அதற்கு முன்மாதிரி. அங்கு நான்கு சிறகுக் கட்டடங்கள் திட்டமிடப்பட்டு இரண்டே கட்டப்பெற்றன. கல்கத்தாவிலோ நான்கும் எழுந்தன. நடுக்கட்டடத்திலிருந்து விலகி நிற்கும் அவை காற்றைத் தடையின்றி ஏற்றன. குளிர்நாட்டு மாளிகையின் வடிவம் வெப்பநாட்டிலேயே நிறைவெய்தியது என்பது நோக்கத்தக்கது.

1803இல் பணி முடிந்தது. 63,291 பவுண்டுச் செலவு இயக்குநர்களைச் சினங்கொள்ளச் செய்தது. போர்ச்செலவுகளும் சேர, 1805இல் வெல்லெஸ்லி பதவி நீங்கித் தாயகம் திரும்பினார். புதுமனையில் அவர் வாழ்ந்தது இரண்டரை ஆண்டளவே.

கெடில்ஸ்டனிற் பிறந்த கர்சன் 1899இல் வைசிராயாக இம்மாளிகைக்கு வந்தார். இதன் வரலாற்றை விரிவாக எழுதியவரும் அவரே. அந்நூல் 1925இல் வெளிவந்தது. அதனால் இம்மாளிகை பற்றிய செய்திகள் பலவும் குடியிருந்தவர் கூற்றாகவே நமக்குக் கிடைக்கின்றன. வரி செலுத்தியோர் கூற்று அவற்றுள் இல்லை.