ஆறு பெயர் கொண்ட எடுபிடி

ஹார்மோன் வந்து, அதைப் பிடித்துக்கொள்ளும் புரதமான ஏற்பியில் உட்கார்ந்தால் மரபணு விழித்துக்கொள்ளும். வேறு யாரும் தேவையில்லை என்று பலர் நம்பியிருந்த காலம். 1989-ல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் நகரில், பியர் ஷாம்போனின் ஆய்வகத்தில் அந்த நம்பிக்கைக்கு ஆப்பு விழுந்தது. புரொஜெஸ்டிரோன் ஏற்பி மும்முரமாக இயங்கிய செல்லுக்குள் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியையும் புகுத்தினார்கள். முதலாவதன் வேலை படுத்துவிட்டது. ஒரே முகூர்த்தத்தில் ஒரே சமையல்காரரை இரண்டு கல்யாண வீட்டார் பிடித்திழுத்த கதைதான். இரண்டு ஏற்பிகளுக்கும் பொதுவாக, அளவோடு மட்டுமே இருந்த அந்த எடுபிடி யார்?

1994-ல் பாஸ்டனில் மைல்ஸ் பிரவுன் குழுவுக்கு ஒரு தடயம் கிடைத்தது. ஈஸ்ட்ரோஜன் இருந்தால் ஏற்பியோடு ஒட்டிக்கொண்ட, 160 கிலோடால்டன் எடையுள்ள புரதம். எடை தெரிந்தது, மரபணு சிக்கவில்லை. மறு ஆண்டே ஹூஸ்டனில் பெர்ட் ஓமேலியின் ஆய்வகம், புரொஜெஸ்டிரோன் ஏற்பியின் துண்டு ஒன்றை ஈஸ்ட் செல்லுக்குள் தூண்டிலாகப் போட்டது. மாட்டியது எஸ்ஆர்சி-1 என்ற புரதம். அதைக் கூடுதலாகச் சேர்த்ததும் ஸ்ட்ராஸ்பூரில் கண்ட முடக்கம் விலகியது! ஏற்பிக்குக் கைகொடுக்கும் துணை ஊக்கி என்ற புரத இனம் உறுதியானது. ஆனால் அந்த இனத்தின் புற்றுநோய் முகத்தைக் கண்டது, அதைத் தேடவே தேடாத இன்னொரு கூட்டம்.

அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் பால் மெல்ட்சர், ஜெஃப்ரி டிரென்ட் குழுவினர் துழாவியது குரோமோசோமை. மார்பகப் புற்றுசெல்களில் 20-ஆம் குரோமோசோமின் நீண்ட கையில் ஒரு பகுதி பல படிகளாகப் பெருகிக் கிடந்தது. அங்கே ஒளிந்திருந்த மரபணு 1997-ல் வெளிவந்தபோது, அது ஹூஸ்டன் புரதத்தின் தம்பி! 105 கட்டிகளில் சுமார் 10 சதவீதத்தில் மரபணு பெருகியிருந்தது. 64 சதவீதத்தில் அதன் வெளிப்பாடு மிகுந்திருந்தது. ஏஐபி1 என்று பெயர் வைத்தார்கள். அதே ஆண்டில் மற்ற ஆய்வகங்களும் அதே புரதத்தை ஏசிடிஆர், ராக்3, டிராம்-1, எலியில் பி/சிஐபி என்று அழைத்தன. எஸ்ஆர்சி-3 என்பது ஆறாவது. பெயர் சூட்டும் ஆசையில் விஞ்ஞானிகள் தாத்தா பாட்டிகளை மிஞ்சினார்கள். பெயர்க் குழப்பத்தைவிடப் பெரிய புதிரை ஒரு மாத்திரை வைத்திருந்தது.

மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜனைத் தடுத்த டமாக்சிஃபென் என்ற மார்பகப் புற்றுநோய் மருந்து, கருப்பையின் உட்படலத்தில் ஈஸ்ட்ரோஜன் போலவே நடந்து, அங்கே புற்றுநோய் அபாயத்தைக் கூட்டியது. 2002-ல் யோங்ஃபெங் ஷாங்கும் மைல்ஸ் பிரவுனும் காரணத்தைப் பிடித்தார்கள். மார்பகச் செல்லில் மாத்திரை ஏறிய ஏற்பி, மரபணுவை அடக்கும் புரதங்களை அழைத்தது. எஸ்ஆர்சி-1 மிகுந்திருந்த கருப்பைச் செல்லில் துணை ஊக்கிகளையே கூப்பிட்டது. மறு ஆண்டு இன்னொரு செய்தி வந்தது: ஏஐபி1, ஹெர்2 என்ற இன்னொரு புரதம் இரண்டும் மிகுந்த மார்பகக் கட்டிகளில் டமாக்சிஃபென் சரியாக எடுபடவில்லை.