பழ மரத்துல எறும்பு ஊர்வலமா? மருந்து அடிக்கும் முன் இலையைத் திருப்பிப் பாருங்க!

புதுச்சேரியை ஒட்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது விழுப்புரம் மாவட்டத்தின் கோட்டக்குப்பம். மணல் கலந்த மண், உப்புக் காற்று. இங்கே வீட்டுப் பின்பக்கம் நாலடி இடம் கிடைத்தாலும் ஒரு கொய்யாவோ, எலுமிச்சையோ, பப்பாளியோ வைத்துவிடுவார்கள். அந்த மரத்தில் எறும்பு வரிசை ஏறினால் அடுத்த நிமிஷமே பலர் எறும்புப் பொடியைத் தேடுவார்கள். கொஞ்சம் பொறுங்க! நீங்களும் உங்க வீட்டுக் குழந்தைகளும் பறித்துச் சாப்பிடப் போகிற பழம் அது.

எறும்பு ஏன் மரம் ஏறுது?

பெரும்பாலும் பழத்துக்காக இல்லை. இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்க. வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி. இளந்தளிரில் கூட்டமாக இருக்கும் குட்டிப் பூச்சிகள் அசுவினி. குச்சியில் செதில் மாதிரி ஒட்டியிருப்பவை செதில் பூச்சி. இவை மரத்தின் சாற்றை உறிஞ்சி, இனிப்பான கழிவை வெளியேற்றும். எறும்புக்கு அதுதான் விருந்து. அதனால் அந்தப் பூச்சிகளைத் தின்ன வரும் பொறிவண்டை எறும்பே விரட்டிவிடும். நாம மாடு வளர்க்கிற மாதிரி, எறும்பு பூச்சி வளர்க்குது!

இலைமேல் சிந்தும் அந்த இனிப்பில் கரும்பூசணம் படரும். வெயில் படாமல் இலை சோர்ந்து, மரம் மெல்ல இளைக்கும்.

மாவுப்பூச்சி எவ்வளவு பெரிய தொல்லை என்பதைத் தமிழ்நாடு நேரில் பார்த்திருக்கிறது. 2008-ல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி கண்டறியப்பட்டது. பப்பாளியோடு நிற்காமல் மல்பெரி, மரவள்ளி என்று பரவியது. அதை அடக்கியது மருந்து இல்லை. 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்து, பெருக்கி, வயல்களில் விடப்பட்ட குட்டியூண்டு ஒட்டுண்ணிக் குளவிகள்தான். கண்டபடி மருந்தடித்தால் இந்த மாதிரி நண்பர்களும் சேர்ந்து செத்துப்போவார்கள்.

என்ன செய்யலாம்?

1. பாலத்தை வெட்டுங்க: மதிலையோ, கொடிக்கம்பியையோ, தரையையோ தொடும் கிளைகளைக் கழித்துவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் அடுத்த யோசனை வீண்.

2. பட்டை கட்டுங்க: அடிமரத்தைச் சுற்றித் துணி, அதன்மேல் பிளாஸ்டிக் தாள், அதன்மேல் பசை அல்லது கிரீஸ். பட்டைமேல் நேரடியாகத் தடவிடாதீங்க, மரத்துக்கு ஆகாது. தூசி ஒட்டியதும் மாற்றுங்கள்.

3. பூச்சியைக் கழுவுங்க: தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி இலையின் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்ப எண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் தெளியுங்கள். முதலில் நாலு இலையில் அடித்து, கருகவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

4. கூட்டுக்கு விருந்து: அப்பவும் அடங்கலையா? ஒரு டம்ளர் வெந்நீரில் 8 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் வெண்காரம். நாட்டு மருந்துக் கடையில் வெண்காரம் கிடைக்கும். இதைப் பஞ்சில் நனைத்து, ஓட்டை போட்ட டப்பாவில் மூடி, எறும்பு போகும் வழியில் வையுங்கள். எறும்பு இதைக் கூட்டுக்குள் ராணி வரை கொண்டுபோகும். சீக்கிரம் சாகட்டும் என்று வெண்காரத்தைக் கூட்டினால், வழியிலேயே செத்துவிடும், கூடு தப்பிவிடும். குழந்தைகள், நாய், பூனைக்கு எட்டாத இடத்தில் வைப்பது கட்டாயம். மண்ணில் கொட்டிடாதீங்க, செடிக்கும் கெடுதல்.

மண்ணெண்ணெய், கொதிநீர், உப்பு இதெல்லாம் வேண்டவே வேண்டாம். எறும்புக்கு முன்னாடி வேர் செத்துடும்.

முசிறு என்றால் யோசிங்க

மாமரத்தில் இலைகளை ஒட்டிப் பந்து மாதிரி கூடு கட்டும் செவ்வெறும்புதான் முசிறு. கடித்தால் உயிர் போகும், உண்மைதான். ஆனால் இலையைத் தின்னும் புழு, வண்டுகளை வேட்டையாடும் காவலாளியும் இதுதான். சீனாவில் 1,700 ஆண்டுகளுக்கு முன்பே ஆரஞ்சுத் தோட்டங்களில் காவலுக்கு விட்டார்கள். ஒடிசாவின் மயூர்பஞ்ச் பகுதியில் இதில் செய்யும் சட்னிக்கு 2024-ல் புவிசார் குறியீடே கிடைத்தது!

முசிறும் மாவுப்பூச்சியை வளர்க்கும் என்பது மறுபக்கம். அதனால் ஆள் நடமாட்டம் இல்லாத மரம், இலையும் சுத்தம் என்றால் விட்டுவிடுங்கள். குழந்தைகள் விளையாடும் மரம் என்றால், கூடு உள்ள கிளையை மட்டும் அதிகாலையில், உடம்பை நன்றாக மூடிக்கொண்டு வெட்டி அகற்றுங்கள்.

பூவில் நாலு எறும்பு திரிந்தால் பதற வேண்டாம், தேனுக்கு வந்த விருந்தாளிகள். வரிசை கட்டி ஏறினால்தான் மேட்டர். இன்னைக்குச் சாயங்காலமே மொபைல் டார்ச்சைப் போட்டு ஒரு இலையைத் திருப்பிப் பாருங்க. மருந்து வேணுமா, வெறும் தண்ணி போதுமான்னு அப்பவே தெரிஞ்சிடும்.