வாரம்

உழவுத் தொழிலில் வாரம் என்பது விளைச்சலில் ஒருவருக்குரிய பங்கு. ஏழு நாட்களைக் குறிக்கும் வடசொல் இதனின் வேறு. அரசுக்கோ கோயிலுக்கோ நிலக்கிழாருக்கோ சென்ற பங்கு மேல்வாரம் எனவும், உழுத குடிக்கு எஞ்சியது குடிவாரம் எனவும் வழங்கின. களத்து நெல்லைக் குறித்த இச்சொற்கள், ஆங்கிலேயர் ஆட்சியில் வழக்குமன்றங்களுக்குள் நுழைந்தபோது, நிலத்தின் மீதான உரிமையையே குறிக்கலாயின: ஓர் இனாம், அதாவது மானிய நிலம், மேல்வாரத்தை மட்டும் வழங்கியதா, குடிவாரத்தையும் சேர்த்து வழங்கியதா என்ற கேள்விக்குக் கிடைத்த விடையே, உழுதவர் நிலைத்த உரிமையுடையவரா, வெளியேற்றத்தக்கவரா என்பதைத் தீர்மானித்தது. 1908ஆம் ஆண்டின் சென்னை எஸ்டேட் நிலச் சட்டம் ஜமீன் குடிகளுக்குச் சாகுபடி உரிமையை உறுதிசெய்தபோதும், உடைமையாளர் அரசுக்கு நேரடியாக வரி செலுத்திய தஞ்சை இரயத்துவாரிப் பகுதியின் குத்தகைக் குடிகளுக்கு அப்பயன் கிட்டவில்லை. போராட்டங்களுக்குப் பின்னரே 1952இல் அங்கு வாரக் குடிக்கு ஐந்தில் இரு பங்கு சட்டமாயிற்று. 1956ஆம் ஆண்டின் நியாயக் குத்தகைச் சட்டம் அவ்விகிதத்தைத் திருப்பி, பாசன நன்செய்யில் உடைமையாளரின் பங்கை 40 விழுக்காடாகக் குறைத்தது. நிலத்தில் மிக அதிகம் உழைத்த பண்ணையாளுக்கோ கூலிதான் கிடைத்தது; அவர் பெற்ற நெல்லை வாரம் என எவரும் அழைக்கவில்லை, அந்த விலக்கமே இச்சொல்லின் வரலாற்றில் மிகக் கொடிய பகுதியாகும்.